மூன்று முறை அமெரிக்கப் பிரஜையான பகத் சிங் திந்த்

பிரஜாவுரிமை ஒருமுறை கிடைத்துவிட்டால் அதனை எவராலும் மீளப் பறிக்க முடியாது என்ற நம்பிக்கை, நாடு விட்டு நாடு சென்று குடியேறியவர்களிடையே பரவலாகக் காணப்படுவதாகும். 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஐக்கிய அமெரிக்காவின் நீதித் திணைக்களம், விண்ணப்பித்துப் பிரஜாவுரிமை பெற்றவர்களிடமிருந்து அதனை இரத்துச் செய்யும் வழக்குகளுக்கு முன்னுரிமை அளிக்குமாறு தனது சிவில் பிரிவுச் சட்டத்தரணிகளைப் பணித்தபோது இந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது. அமெரிக்காவில் பிள்ளைகளையோ சகோதரர்களையோ கொண்டுள்ள குடும்பங்கள் எமது நாட்டிலும், தமிழர் மத்தியிலும் முஸ்லிம்கள் மத்தியிலும் இருக்கவே செய்கின்றன. கொடுத்ததை மீண்டும் எடுக்க முடியுமா என்று அவர்கள் கேட்பது இயல்பானதே. ஆனால் அது புதிய கேள்வியன்று. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னரே அதற்கான விடையைத் தன் வாழ்க்கையின் ஊடாக அறிந்துகொண்ட ஒருவர் இருந்தார். அவரே பகத் சிங் திந்த்.

1931ஆம் ஆண்டு லாகூர் சிறையில் தூக்கிலிடப்பட்ட பகத் சிங்கையே இப்பெயர் பலருக்கு நினைவூட்டும். இவர் வேறொருவர். இவரும் பஞ்சாப்பைச் சேர்ந்த சீக்கியரே எனினும் வயதில் மூத்தவர். 1892ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 3ஆம் திகதி அமிர்தசரஸ் மாவட்டத்தின் தாராகர் என்னும் கிராமத்தில் பிறந்தவர். அமிர்தசரஸ் கல்சா கல்லூரியில் கற்ற அவர், மேற்படிப்பை நாடி 1913ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் மேற்குக் கரையை வந்தடைந்தபோது இருபது வயதைக் கடந்திருந்தார்.

அவர் வந்திறங்கிய கரை இந்தியரை விரும்பி வரவேற்ற கரையன்று. 1907ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் வொஷிங்டன் மாநிலத்தின் பெலிங்ஹாம் நகரில், மரம் அரியும் ஆலைகளில் வேலை செய்த பஞ்சாபியரை வெள்ளையர் கும்பலொன்று அடித்து விரட்டிய சம்பவம் நிகழ்ந்து ஆறு வருடங்களே ஆகியிருந்தன. அக்காலத்தில் அங்கிருந்த இந்தியர் தொகை சில ஆயிரங்களுக்கு மேற்பட்டதன்று. அவர்களுட் பெரும்பாலோர் சீக்கியர். முஸ்லிம்களும் இந்துக்களும் இருந்தனர். ஆயினும் பத்திரிகைகளும் அரச ஆவணங்களும் இவர்கள் அனைவரையும் இந்துக்கள் என்றே அழைத்தன. தலைப்பாகை அணிந்த சீக்கியரும் ஐவேளை தொழும் முஸ்லிமும் அமெரிக்கக் குடிவரவு அதிகாரியின் பேரேட்டில் இந்துவாகவே பதியப்பட்டனர். திந்தின் வழக்கிலும் அவர் இந்து என்றே குறிக்கப்பட்டார் என்பதை வாசகர்கள் மனதில் இருத்திக்கொள்வது நல்லது.

ஒரிகன் மாநிலத்தின் மர ஆலைகளில் உழைத்தவாறே திந்த் தமது கல்விக்குப் பணம் தேடினார். கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள அஸ்டோரியா நகரும் அதன் சுற்றுப்புறமும் அப்போது பஞ்சாபித் தொழிலாளர் செறிந்து வாழ்ந்த இடங்களாகும். இந்தியாவைப் பிரித்தானிய ஆட்சியிலிருந்து விடுவிக்க முனைந்த கதர் கட்சி 1913இல் உருவானதும் இந்தச் சூழலிலேயே. கதர் இயக்கத்தினர் சிலருடன் திந்துக்கு நட்பு இருந்தது. இந்தியா இந்தியருக்கே உரியது என்ற கருத்தை அவர் மறைத்ததும் இல்லை. பின்னாளில் அவரது விண்ணப்பத்தை எதிர்த்த அதிகாரிகள் இந்த நட்பைப் பெரும் குற்றமாகக் காட்ட முயன்றனர்.

முதலாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய பின்னர், 1918ஆம் ஆண்டு ஜூலை மாதம் திந்த் அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்தார். வொஷிங்டன் மாநிலத்தின் லூயிஸ் முகாமில் பயிற்சி பெற்ற அவர் சில மாதங்களிலேயே பதில் சார்ஜன்ட் தரத்துக்கு உயர்த்தப்பட்டார். தலைப்பாகையுடனேயே அவர் சீருடை அணிந்து நின்ற புகைப்படம் இன்றும் காணக் கிடைக்கின்றது. நவம்பரில் போர் ஓய்ந்தது. இராணுவத்தில் பணியாற்றிய வெளிநாட்டவர் விரைவாகப் பிரஜாவுரிமை பெறுவதற்கு 1918ஆம் ஆண்டு மே மாதத்துச் சட்டமொன்று வழி செய்திருந்தது. அதன்படி டிசெம்பர் 9ஆம் திகதி, சீருடையில் இருந்தவாறே, திந்த் அமெரிக்கப் பிரஜையானார்.

நான்கே நாட்கள். டிசெம்பர் 13ஆம் திகதி அந்தப் பிரஜாவுரிமை இரத்துச் செய்யப்பட்டது. அவர் சுதந்திரமான வெள்ளையர் என்ற வரைவிலக்கணத்துள் அடங்கவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணமாகும். அதற்கு மூன்று நாட்களின் பின்னர் இராணுவம் அவரைக் கௌரவமாக விடுவித்தது. விடுவிப்புப் பத்திரத்தில் அவரது நன்னடத்தை மிகச் சிறந்ததெனப் பதியப்பட்டிருந்தது. ஒரே அரசாங்கத்தின் இரு திணைக்களங்கள் ஒரே வாரத்தில் ஒரே மனிதரைப் பற்றி எழுதியவை இவை.

இந்த வரைவிலக்கணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விளக்குவது அவசியமாகும். அமெரிக்கக் காங்கிரஸ் 1790ஆம் ஆண்டு நிறைவேற்றிய முதலாவது பிரஜாவுரிமைச் சட்டம், சுதந்திரமான வெள்ளையர் மட்டுமே விண்ணப்பித்துப் பிரஜையாகலாம் என விதித்தது. உள்நாட்டுப் போரின் பின்னர் 1870இல் ஆபிரிக்காவில் பிறந்தோரும் ஆபிரிக்க வம்சாவளியினரும் அதில் சேர்க்கப்பட்டனர். ஆசியர் சேர்க்கப்படவில்லை. வெள்ளையர் என்போர் யாவர் என்பதைச் சட்டம் எங்கும் கூறவில்லை. எனவே சிரியர், ஆர்மேனியர், ஜப்பானியர், பார்சிகள், இந்தியர் எனப் பலரும் நீதிமன்றம் சென்று தம்மை வெள்ளையர் என நிறுவ முயன்றனர். 1878 முதல் 1952 வரை இவ்வாறு பதிவான 52 வழக்குகளில், ஒன்றைத் தவிர ஏனைய அனைத்திலும் விண்ணப்பதாரர்கள் தாம் வெள்ளையர் என்றே வாதிட்டுள்ளனர். தீர்ப்புகளோ நீதிபதிக்கு நீதிபதி வேறுபட்டன. 1913ஆம் ஆண்டு வொஷிங்டன் மாநில நீதிமன்றமொன்று ஏ. கே. மஜும்தார் என்ற வங்காளிக்குப் பிரஜாவுரிமை வழங்கியது. வேறிடங்களில் அதே தகைமையுடையோர் திருப்பி அனுப்பப்பட்டனர்.

திந்த் மனம் தளரவில்லை. 1919ஆம் ஆண்டு அயல் மாநிலமான ஒரிகனில் மீண்டும் விண்ணப்பித்தார். பிரஜாவுரிமைப் பணியகம் கடுமையாக எதிர்த்தது. நிறத்தை மட்டுமன்றி கதர் தொடர்பையும் அது முன்வைத்தது. வழக்கை விசாரித்த மாவட்ட நீதிபதி சார்ள்ஸ் வுல்வர்டன், திந்த் ஆயுதப் புரட்சியை ஆதரித்தவரல்லர் என்பதையும், அமெரிக்காவின் மீது பற்றுடையவர் என்பதையும், போர்க்காலத்தில் அந்நாட்டுக்காகச் சேவையாற்றியவர் என்பதையும் ஏற்றுக்கொண்டார். 1920ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் திகதி திந்த் இரண்டாவது முறையாக அமெரிக்கப் பிரஜையானார். அரசாங்கம் விடவில்லை. மேன்முறையீடு செய்தது. ஒன்பதாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் தானே முடிவு செய்யாமல் இரண்டு கேள்விகளை உயர் நீதிமன்றத்திடம் அனுப்பியது. அமிர்தசரஸில் பிறந்த, முழுமையான இந்திய இரத்தமுடைய உயர்சாதி இந்துவொருவர் சட்டத்தின் பொருளில் வெள்ளையரா என்பது முதலாவது. 1917ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம், அதற்கு முன்னரே சட்டபூர்வமாக வந்து சேர்ந்தவர்களது பிரஜாவுரிமைத் தகைமையையும் நீக்கிவிட்டதா என்பது இரண்டாவது.

1917ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் எமக்கும் தொடர்புடையதாகும். ஜனாதிபதி வில்சனின் தடையுத்தரவையும் மீறிக் காங்கிரஸ் நிறைவேற்றிய அச்சட்டம், நெடுங்கோடுகளாலும் அகலக்கோடுகளாலும் வரையறுத்து ஆசியாவின் பெரும்பகுதியைத் தடுக்கப்பட்ட வலயமாக்கியது. ஆசியக் கண்டத்தை அண்டிய தீவுகளுக்கென அது வகுத்த எல்லைக்குள் இலங்கையும் அடங்கியது. ஆகவே யாழ்ப்பாணத்தில் இருந்தோ காத்தான்குடியில் இருந்தோ ஒரு தொழிலாளி அக்காலத்தில் அமெரிக்காவிற் குடியேற எண்ணியிருந்தால் அவருக்கும் அதே கதவு மூடப்பட்டே இருந்திருக்கும்.

திந்தின் வழக்கு விசாரணைக்கு வரும் முன்னரே, 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் திகதி, தக்காவோ ஒசாவா என்ற ஜப்பானியரின் வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஹவாயில் வாழ்ந்து, வீட்டிலும் ஆங்கிலமே பேசி, பிள்ளைகளை அமெரிக்கராகவே வளர்த்தவர் ஒசாவா. வெள்ளையர் என்பது தோலின் நிறத்தைக் குறிப்பதன்று, கோக்கேசிய இனத்தையே குறிப்பது எனக் கூறி நீதிமன்றம் அவரை நிராகரித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் ஜோர்ஜ் சதர்லண்ட். இவரும் அமெரிக்காவிற் பிறந்தவரல்லர். 1862இல் இங்கிலாந்தில் பிறந்து சிறு பிள்ளையாகப் பெற்றோருடன் யூட்டா பிரதேசத்துக்கு வந்தவர்.

ஒசாவாவின் தோல்வி திந்தின் தரப்புக்கு நம்பிக்கையூட்டியிருக்க வேண்டும். அக்கால மானிடவியலாளர் பலர் வட இந்தியரைக் கோக்கேசிய இனத்தில் சேர்த்திருந்தனர். கோக்கேசியரே வெள்ளையர் என உயர் நீதிமன்றமே சொல்லிவிட்ட பின்னர் வேறென்ன வேண்டும்? திந்தின் சட்டத்தரணிகள் அந்த வழியிலேயே சென்றனர். பஞ்சாபியர் ஆரியர், ஆரியர் கோக்கேசியர், எனவே திந்த் வெள்ளையர் என்பது அவர்களது வாதத்தின் சாரம். அத்துடன் அவர்கள் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. சாதிக் கட்டுப்பாட்டினால் உயர்சாதியினரின் இரத்தம் கலப்பின்றிக் காக்கப்பட்டுள்ளது என்றனர். இந்தியப் பூர்வகுடிகளை உயர்சாதி இந்து நோக்கும் விதம், திருமண உறவைப் பொறுத்தவரையில், அமெரிக்க வெள்ளையர் கறுப்பினத்தவரை நோக்கும் விதத்தைப் போன்றதே என்றும் எழுதி வைத்தனர்.

இந்த இடத்தைக் கடந்து செல்வது கடினம். சாதி பேதத்தைக் கண்டிப்பது சீக்கிய சமயத்தின் அடிப்படைப் போதனைகளுள் ஒன்று. அச்சமயத்தவர் ஒருவரின் பெயரால், தெற்கே தமிழரையும் நாடெங்கும் ஒடுக்கப்பட்ட மக்களையும் வாசலுக்கு வெளியே நிறுத்தும் வாதமொன்று முன்வைக்கப்பட்டது. இதற்காகத் திந்தை மட்டும் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது. வெள்ளையர் மட்டும் என எழுதப்பட்ட வாசலில் நிற்பவருக்கு அந்த விதி தவறானது என்று வாதிட அன்றைய சட்டம் இடமளிக்கவில்லை. நானும் அவர்களுள் ஒருவன் என்று சொல்ல மட்டுமே இடமளித்தது. ஆயினும் அவரது வரலாற்றை எழுதுவோர் சிலர் இப்பகுதியை விட்டுவிட்டு அவரை வெறும் வீரராக மட்டும் காட்டுவது சரியென்று எமக்குத் தோன்றவில்லை.

1923ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 11ஆம், 12ஆம் திகதிகளில் விவாதம் நடைபெற்றது. பெப்ரவரி 19ஆம் திகதி தீர்ப்பு வெளியாயிற்று. எழுதியவர் அதே சதர்லண்ட். நீதியரசர்கள் அனைவரும் உடன்பட்டனர். மூன்று மாதங்களுக்கு முன்னர் ஒசாவாவை நிராகரிக்கக் கைக்கொண்ட அறிவியல் வகைப்பாட்டை நீதிமன்றம் இப்போது கைவிட்டது. சட்டத்தின் சொற்கள் சாதாரண மனிதனின் விளக்கத்துக்கு அமையவே பொருள் கொள்ளப்பட வேண்டும், அம்மனிதன் இந்தியரை வெள்ளையரெனக் கருதமாட்டான் என்பது புதிய நிலைப்பாடு. ஆரிய மொழி பேசுவதால் மட்டும் ஒரே இனமாகிவிட முடியாது என்றது தீர்ப்பு. சாதி முறையும் கலப்பை முற்றாகத் தடுக்கவில்லை என்று கூறி, ஆரியப் படையெடுப்பாளர் கருநிறத் திராவிடருடன் கலந்ததைச் சான்றாகக் காட்டியது. ஐரோப்பியரின் பிள்ளைகள் அமெரிக்க மக்களுடன் விரைவாக ஒன்றிப்போவர், இந்தியரின் பிள்ளைகள் அவ்வாறு ஒன்றமாட்டார் என்றும் அது தீர்மானித்தது. 1917இல் காங்கிரஸ் இந்தியரின் வருகையைத் தடுத்தமை, அவர்களைப் பிரஜைகளாக ஏற்கவும் அது விரும்பாது என்பதற்குச் சான்றெனக் கொள்ளப்பட்டது. முதலாவது கேள்விக்கு இல்லை என விடை கிடைத்ததால் இரண்டாவதற்கு விடை தேவைப்படவில்லை.

திந்த் இரண்டாவது முறையாகப் பிரஜாவுரிமையை இழந்தார். ஆனால் இத்தீர்ப்பின் முழுப் பாரமும் அவருடன் நிற்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்னரே பிரஜைகளாகி, வாக்களித்து, வரி செலுத்தி வாழ்ந்துகொண்டிருந்த இந்தியர்களைத் தேடி அரசாங்கம் வழக்குத் தொடர்ந்தது. இங்கு கவனிக்க வேண்டிய சட்ட நுணுக்கம் ஒன்றுண்டு. 1906ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், மோசடியாகவோ சட்டவிரோதமாகவோ பெறப்பட்ட பிரஜாவுரிமையை இரத்துச் செய்ய அரசாங்கத்துக்கு அதிகாரமளித்திருந்தது. இந்தியர் எவரும் பொய் கூறவில்லை. பிறந்த இடத்தையோ இனத்தையோ மறைக்கவில்லை. நீதிபதிகள் நன்கு ஆராய்ந்தே வழங்கியிருந்தனர். எனினும் அவர்கள் வெள்ளையர் அல்லர் என 1923இல் முடிவாகிவிட்டதால், 1913இலும் 1921இலும் வழங்கப்பட்டவையும் வழங்கப்பட்ட நாளிலிருந்தே சட்டவிரோதமாகப் பெறப்பட்டவை என வாதிடப்பட்டது. முதலில் இழந்தவர் மேலே குறிப்பிட்ட மஜும்தார். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் அவரைத் தொடர்ந்தனர்.

மிச்சிகனில் வாழ்ந்த ஜோன் முகம்மது அலியின் வழக்கு இங்கு குறிப்பிடத்தக்கது. 1921இல் பிரஜையான அவர், தாம் இந்தியாவிற் பிறந்தவரேயாயினும் தமது முன்னோர் அரேபியர் என்றும், எனவே திந்தின் தீர்ப்பு தமக்குப் பொருந்தாது என்றும் வாதிட்டார். 1925இல் நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்து அவரது பிரஜாவுரிமையை நீக்கியது. அரேபியரின் நிலையே அப்போது உறுதியற்றதாக இருந்தது. 1942இல் அதே மிச்சிகனில் யெமனைச் சேர்ந்த அகமது ஹசன் என்பவரது விண்ணப்பம், அவரது நிறத்தையும் முஸ்லிம் உலகம் ஐரோப்பியக் கிறிஸ்தவ உலகிலிருந்து வேறுபட்டது என்பதையும் காரணங்காட்டி நிராகரிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1944இல், மசாசூசெட்ஸ் நீதிமன்றமொன்று முகம்மது மொஹ்ரியஸ் என்ற அரேபியரை வெள்ளையரென ஏற்றுப் பிரஜாவுரிமை வழங்கியது. இடையில் அரேபியரின் நிறம் மாறவில்லை. போர் நடந்துகொண்டிருந்தது, அமெரிக்காவுக்கு அரபுலகின் நட்பு தேவைப்பட்டது.

பெஷாவரைச் சேர்ந்த வைஷ்ணோ தாஸ் பகாயின் கதை இன்னும் துயரமானது. 1915இல் மனைவி கலாவுடனும் மூன்று புதல்வர்களுடனும் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்த அவர், கடை நடத்தி, 1921இல் பிரஜையானவர். திந்தின் தீர்ப்புக்குப் பின்னர் பிரஜாவுரிமையை இழந்தார். பிரஜையாகத் தகுதியற்றவர் நிலம் வைத்திருப்பதைத் தடுத்த கலிபோர்னியச் சட்டம் அவரது உடைமைகளையும் பாதித்தது. இந்தியாவிலுள்ள உறவினரைப் பார்க்க அமெரிக்கக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. பிரித்தானியக் கடவுச்சீட்டைப் பெறுமாறு கூறப்பட்டது. எந்த ஆட்சியை வெறுத்து நாட்டை விட்டு வந்தாரோ அதனிடமே அவர் கையேந்த வேண்டியிருந்தது. 1928ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர் தமது உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவரது மனைவி நீண்ட காலம் வாழ்ந்தார். பல ஆண்டுகளுக்கு முன்னர் அக்குடும்பம் குடிவர இருந்த வீட்டைப் பூட்டி அயலவர் தடுத்த பெர்க்லி நகரிலேயே, 2020இல் ஒரு வீதிக்குக் கலா பகாயின் பெயர் சூட்டப்பட்டது.

இவ்வாறான வழக்குகளை நிறுத்தியவர் சக்காராம் கணேஷ் பண்டிட் என்ற சட்டத்தரணி ஆவார். 1914இல் பிரஜையான அவர் தமது வழக்கில் தாமே போராடினார். தாம் வெள்ளையர் என்பதை நிறுவுவதிலும் பார்க்க, நீதிமன்றமொன்று ஒருமுறை தீர்மானித்து அரசாங்கமும் மேன்முறையீடு செய்யாது விட்ட விடயத்தைப் பல ஆண்டுகளின் பின் மீளத் திறக்க முடியாது என்பதே அவரை வெற்றிபெறச் செய்த வாதம். 1926இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1927இல் உயர் நீதிமன்றம் தலையிட மறுத்தது. அதன் பின்னரே ஏனைய வழக்குகளை அரசாங்கம் கைவிட்டது.

மலையக மக்களின் வரலாற்றை அறிந்த எமது வாசகர்களுக்கு இவற்றில் அந்நியமாகத் தோன்றுவது அதிகமில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கானோரை ஒரே இரவில் நாடற்றவராக்கியதும், வம்சாவளிப் பிரஜை, பதிவுப் பிரஜை என்ற பிரிவினையை ஏற்படுத்தியதும், 2003ஆம் ஆண்டின் சட்டம் வரையில் அக்கணக்கு முழுமையாகத் தீராதிருந்ததும் இங்கு விரிக்கப்பட வேண்டியவை அல்ல.

இனித் திந்திடம் திரும்புவோம். நாடு கடத்தவும் முடியாத, பிரஜையாகவும் ஏற்கப்படாத நிலையில் அவர் அமெரிக்காவிலேயே தங்கினார். கசப்புற்று ஊர் திரும்புவதற்கு அவருக்குப் போதிய காரணங்கள் இருந்தன. அவர் திரும்பவில்லை. நகருக்கு நகர் சென்று ஆன்மிக விரிவுரைகள் ஆற்றுவதைத் தமது வாழ்க்கையாக்கிக்கொண்டார். சீக்கிய ஞானத்துடன் எமர்சன், தோரோ, விட்மன் ஆகிய அமெரிக்க எழுத்தாளரின் சிந்தனைகளையும் இணைத்துப் பேசினார். நூல்கள் பலவற்றையும் எழுதினார். சதர்லண்டின் தீர்ப்பு ஒன்றமாட்டாதவர் என வகைப்படுத்திய மனிதர் அமெரிக்க மண்டபங்களில் அமெரிக்க இலக்கியத்தை விளக்கிக்கொண்டிருந்தார் என்பதை நாம் நினைக்காதிருக்க முடியவில்லை.

1935ஆம் ஆண்டு, முதலாம் உலகப் போரில் அமெரிக்கப் படையிற் சேவையாற்றிய ஆசியர் பிரஜையாவதற்கு இடமளிக்கும் சட்டமொன்றைக் காங்கிரஸ் நிறைவேற்றியது. மறு ஆண்டு, 1936இல், நியூயோர்க்கில் திந்த் மூன்றாவது முறையாக அமெரிக்கப் பிரஜையானார். அப்போதும் அவர் வெள்ளையர் என ஏற்கப்படவில்லை. பழைய சிப்பாய் என்பதாலேயே ஏற்கப்பட்டார். முதற் சான்றிதழுக்கும் மூன்றாவதற்கும் இடையே ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. 1940இல் விவியன் டேவிஸ் என்ற பெண்மணியை மணந்தார். டேவிட், ரோசலின்ட் ஆகியோர் அவர்களது பிள்ளைகள்.

ஏனைய இந்தியர் இன்னும் பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1930ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 3,130 ஆக இருந்த அவர்களது தொகை 1940இல் 2,405 ஆகக் குறைந்திருந்தது. இரண்டாம் உலகப் போரும் இந்தியாவின் ஆதரவு தேவைப்பட்ட நிலையும் அமெரிக்க அரசாங்கத்தின் மனதை மாற்றின. ஜே. ஜே. சிங், முபாரக் அலி கான் போன்றோர் வொஷிங்டனில் இடைவிடாது முயன்றனர். 1946ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் திகதி ஜனாதிபதி ட்ரூமன் கையொப்பமிட்ட லூஸ் - செல்லர் சட்டம் இந்தியருக்கும் பிலிப்பினருக்கும் பிரஜாவுரிமைத் தகைமை அளித்தது. ஆனால் இந்தியாவிலிருந்து வருடத்துக்கு நூறு பேருக்கு மட்டுமே அனுமதி. அச்சட்டத்தின் பயனாகப் பிரஜையான தலிப் சிங் சௌந்த், அவரும் அமிர்தசரஸ் மாவட்டத்தவரே, 1956இல் காங்கிரசுக்குத் தெரிவான முதலாவது ஆசியரானார். 1952இல் பிரஜாவுரிமைக்கான இனத் தகைமை முற்றாக நீக்கப்பட்டது. 1965இல் நாடு வாரியான பழைய ஒதுக்கீட்டு முறையும் ஒழிக்கப்பட்டது. இன்று அமெரிக்காவிலுள்ள எமது உறவினர்களுட் பெரும்பாலோர் அந்தச் சட்டம் திறந்த வழியாலேயே சென்றவர்கள். ஜனாதிபதி ஜோன்சன் அதற்குச் சுதந்திரதேவி சிலையின் அடியில் கையொப்பமிட்ட நாள் 1965ஆம் ஆண்டு ஒக்டோபர் 3. அன்று திந்துக்கு 73 வயது நிறைவடைந்தது. இது தற்செயலே.

1967ஆம் ஆண்டு மே மாதம், போலந்திற் பிறந்து அமெரிக்கப் பிரஜையான பேஸ் அப்ரோயிம் என்பவரின் வழக்கில், ஒருவரின் விருப்பமின்றி அவரது பிரஜாவுரிமையைப் பறிக்கக் காங்கிரசுக்கு அதிகாரமில்லை என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் இஸ்ரேலியத் தேர்தலில் வாக்களித்ததற்காகப் பிரஜாவுரிமையை இழந்ததாகக் கூறப்பட்டவர். ஐவர் ஆதரவாகவும் நால்வர் எதிராகவும் நின்ற தீர்ப்பு அது. எனினும் மோசடியாகவோ சட்டவிரோதமாகவோ பெறப்பட்ட பிரஜாவுரிமை என்ற பழைய விதி அதனால் நீங்கிவிடவில்லை. திந்துக்கும் பகாய்க்கும் எதிராகப் பயன்பட்ட அந்தச் சொற்கள் இன்றைய குடிவரவு, தேசிய இனச் சட்டத்திலும் உள்ளன. சிவில் வழக்காயின் அதற்குக் கால எல்லையும் இல்லை. அரசாங்கம் ஐயத்துக்கிடமற்ற, தெளிவான சான்றுகளால் நிறுவ வேண்டும் என்பதும், பொய்யான கூற்றைக் காட்டிக் குற்றவியல் வழக்குத் தொடர்ந்து பிரஜாவுரிமையைப் பறிப்பதாயின் அக்கூற்று அதனைப் பெறுவதில் உண்மையில் பங்கு வகித்திருக்க வேண்டும் என்று 2017இல் உயர் நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியதும் இன்றுள்ள பாதுகாப்புகளாகும். 2025இல் முன்னுரிமை அளிக்கப்பட்ட வழக்குகள் இந்த விதியின் கீழானவையே. எனவே அமெரிக்காவிலுள்ள உறவினர் எவரேனும் விண்ணப்பப் படிவத்தில் பழைய கைது, வேறு பெயர், முன்னைய திருமணம் போன்ற எதையேனும் எழுதாது விட்டிருந்தால், அதனை அறிந்த குடிவரவுச் சட்டத்தரணி ஒருவருடன் நேரத்துடன் பேசுவது தகும்.

அப்ரோயிம் தீர்ப்பு வெளியாகி நான்கு மாதங்கள் நிறைவதற்குள், 1967ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் திகதி பகத் சிங் திந்த் காலமானார். 1918இல் பெற்ற சான்றிதழ் நான்கு நாட்களும், 1920இல் பெற்றது ஒரு சில ஆண்டுகளும் அவரிடம் இருந்தன. 1936இல் பெற்ற சான்றிதழ் முப்பத்தொரு ஆண்டுகள், அவரது இறுதி நாள் வரை, அவரிடமே இருந்தது.